தம்பிக்கு நான் மாட்டிவிட்ட முகக்கவசம்

ஊரில் யாருக்கும் முகம் காட்டத் தயங்காதவன் என் தம்பி டோகுஜி. வட ஜப்பானின் ஹிடாகா கடற்கரையில் கோடை முழுக்கக் கூழாங்கல் மேல் கடற்பாசியை விரித்துக் காயவைப்பது அவன் வேலை. ஒரு மடிப்பு விழாமல் நீட்டிப் போடுவான். போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நிறுத்திப் பேசுவான். இருபத்திரண்டு வயதில் அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மாத்திரை போட்டதும் அடங்கின. அதையும் மறைக்கமாட்டான். "தலைக்குள்ள குடியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்க. ஒருத்தன் மட்டும் எப்பவாவது எட்டிப் பாப்பான்" என்று மீனவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

இருபது வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஒரு வசந்தத்தில் அவன் வாய் எதையோ மெல்ல ஆரம்பித்தது. வாயில் ஒன்றும் இல்லை. உதடு குவியும்; நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும். எங்கள் கடற்பாசிக் கடைக்கு வந்த மட்சுயே அம்மாள், "என்ன, உங்க தம்பி எந்நேரமும் அசை போடறாரு? எங்க மாட்டுப் பண்ணைக்கு அனுப்பிடறீங்களா?" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டோகுஜியும் சிரித்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே அவனுக்கு முகக்கவசம் மாட்டிவிட்டேன்.

எங்கள் ஊரில் இதைவிட வசதியான திரை கிடையாது. வசந்தத்தில் பிர்ச் மரத்து மகரந்தத்தால் வரும் தும்மல், குளிர்காலத்தில் சளிக்காய்ச்சல்; ஏன் மாட்டியிருக்கிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலும் கழற்றச் சொல்லவில்லை. மாதாமாதம் பழைய டாக்டர், "எப்படி இருக்கார்?" என்பார். நான் முந்திக்கொண்டு, "உங்க புண்ணியத்துல மாத்தம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்று குனிந்து வணங்குவேன். அதே மாத்திரை, அதே அளவு. மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். நாலு வருடம் இப்படியே வணங்கினேன். டாக்டருக்குத் தொந்தரவு கொடுக்காத குடும்பம் என்று எனக்குப் பெருமை வேறு.

போன மாதம் அந்த நாற்காலியில் ஒனுமா என்ற புது டாக்டரம்மா இருந்தார். "மாஸ்க்கைக் கழட்டுங்க. நாக்கை நீட்டி அப்படியே வெச்சிருங்க" என்றார். நாக்கு இரண்டு நொடி நிற்கவில்லை. நெளிந்து உள்ளே ஓடியது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்கு. அதை வாங்கிக்கற ஏற்பிகளை வாசல் மாதிரி வெச்சுக்கங்க. இந்த மருந்து வாசலை மறிச்சு உக்காந்துக்கும், குரல் அடங்கும். ஆனா வருஷக்கணக்கா மறிச்சா மூளை சும்மா இருக்காது. புதுசு புதுசா வாசல் திறந்துக்கும், அதுங்களுக்கு உணர்ச்சியும் அதிகமாயிடும். அப்புறம் துளி டோபமைன் வந்தாலும் வாயும் நாக்கும் தானா ஆடும். அப்படித்தான் நாங்க நெனைக்கிறோம்."

என்னைப் பார்த்தார். "எவ்வளவு நாளா இப்படி? புதுசுன்னா சீக்கிரமே மருந்தை மாத்திப் பாக்கலாம், சரியாகற வாய்ப்பும் அதிகம். ரொம்ப நாள்னா அவசரப்படக் கூடாது. மருந்தைச் சட்டுனு குறைச்சா, அத்தனை வாசலும் சேந்து திறந்துக்கும். குரல் முன்னைவிட மோசமா திரும்பி வரும்."

நான் வாயெடுத்தேன். அதற்குள் டோகுஜி, "இப்பத்தான் டாக்டர். ஒரு மாசம் இருக்கும். அக்கா பாத்த உடனே கூட்டிட்டு வந்துட்டா" என்றான்.

என் மானத்தைக் காப்பாற்றத் தன் தலையைப் பணயம் வைத்தான். ஒரு கணம் அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எழுதத் தொடங்கினார்.

"நாலு வருஷம்" என்றேன். "நான்தான் மாஸ்க் போட்டு மூடி வெச்சேன். மாத்தம் இல்லன்னு சொன்னதும் நான்தான். இவன் வாயைத் திறக்க விடல."

அவர் எழுதியதை அடித்தார். "அப்ப கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகணும். முழுசா நிக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

பஸ் வரும் நேரம் டோகுஜி பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்தான். "வேணாம்டா. இனிமே அது வேணாம்" என்று பிடுங்கப் போனேன். அவன் என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, காதில் மாட்டிக்கொண்டான்.

"இருக்கட்டும்க்கா. பஸ்ல தெரிஞ்சவங்க இருப்பாங்க."