நிரம்பாத குழி

புளித்த கஞ்சியின் வாடைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை இருந்தது. காலையில் தெலுங்கு பேசும் நெசவாளர்கள் அதில் பாவு நீட்டி, தறியில் ஏற்றப்போகும் அந்த நீள நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறியதும் வளையல் விற்கும் சாயபு வீட்டு ஆடுகள் வந்து படுத்துக்கொள்ளும். மாலையில் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்த ஏதோ ஒரு பாஷையில் பிள்ளைகள் நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அந்த மனை மணவூர்க்காரர் ஒருவருக்குச் சொந்தம் என்பதையே தெரு மறந்துபோயிருந்தது.

யுத்த காலத்தில் அந்த மனை விலைக்கு வந்தது. பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் வீட்டுக்காரரும் பட்டணத்துச் சொந்தக்காரர்களுக்கு வீடு வேண்டும் என்று சொல்லி, ஆடி பிறப்பதற்குள் எங்களைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார். எதிர் மனை கிடைத்துவிட்டால் ஒரு கூரையைப் போட்டுக்கொண்டாவது சொந்த இடத்தில் உட்கார்ந்துவிடலாம் என்று அம்மா அதைத் தினமும் கண்ணால் அளந்துகொண்டிருந்தாள்.

ஆனால் வாங்க வேண்டியவர் "நைனா"; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அடிவாரத்தில் தேங்காய்க் கடை வைத்திருந்த அவர், தன் கடைத் தேங்காயையே மூன்று தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு எடுத்துவருவார். சோற்றை முகர்ந்து பார்க்காமல் பிசைய மாட்டார். "ஊரே பட்டணத்த வுட்டு இங்க ஓடியாந்துகினு கீது. இவன் மட்டும் இன்னாத்துக்கு மனைய விக்கிறான்? உள்ள இன்னாமோ கீது" என்றார். மனையை ஒட்டிக் குடியிருந்த நெசவாளரும் நைனாவும் உறவில்லாமலே ஒருவரையொருவர் "பாவா" என்று மச்சான் முறை வைத்து அழைத்துக்கொள்வார்கள். "நல்ல எடந்தான் பாவா, எடுத்துக்க. பாவு நீட்ட மட்டும் ஓரமா கொஞ்சம் வுடு" என்றார் அவர். இவ்வளவு பாசமாகச் சொல்கிறானே என்று நைனாவுக்கு அதிலும் சந்தேகம்.

கடைசியில் மேஸ்திரியை வைத்து மண் பார்ப்பது என்று முடிவாயிற்று. முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூட வேண்டும். மண் மிஞ்சினால் மனை வாழவைக்கும், குறைந்தால் குடியைக் கெடுக்கும். இது ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது. குழியில் எலும்போ கரியோ வந்தால் ஆகாது என்பது மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தோண்டினார்கள். எலும்பும் இல்லை, கரியும் இல்லை. நல்ல செம்மண் குவியலாக எழுந்தது. "ராகு காலம் வரப்போவுதுங்க, உச்சி கழிச்சு மூடலாம்" என்று மேஸ்திரி சொல்ல எல்லோரும் கலைந்தார்கள். நைனா கடைக்குப் போய்விட்டார்.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. "கூடைய எடுத்துக்கினு வா. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள அள்ளிடணும்" என்றாள். புது மனையின் மண்ணெடுத்து முதலில் அடுப்புப் பிடித்துவிட்டால், அங்கே சமைத்துச் சாப்பிடும் பாக்கியம் தானாக வரும் என்பது கனகம்மாசத்திரத்தில் அவள் பிறந்த வீட்டு வழக்கம். மனை தேறிவிட்டது என்றே அவள் நம்பினாள். மூன்று கூடை அள்ளினோம். கலைந்த குவியலை நான்தான் கையால் தட்டிச் சரிசெய்தேன். பின்கட்டில் உமி போட்டு மிதிக்கும்போது, "நைனாவாண்ட சொல்லாத. மனைய வாங்கறதுக்கு முன்னாடியே அடுப்பான்னு கத்துவாரு" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

உச்சி கழிந்து மூடினார்கள். இருந்த மண்ணையெல்லாம் வழித்துப் போட்டும் குழி நிரம்பவில்லை. நாலு விரற்கடை பள்ளம் நின்றது. மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். நைனா மனையைச் சந்தேகப்படவில்லை, மனுஷனைச் சந்தேகப்பட்டார். "பாவு நீட்ற எடம் போய்டும்னு மண்ண வாரிக்கினியா?" என்று தெருவே வேடிக்கை பார்க்க பாவாவைக் கேட்டுவிட்டார்.

பாவா கஞ்சி ஒட்டியிருந்த கையை மெல்லத் துடைத்துக்கொண்டார். "நான் மண்ணு திருடறவனாங்க?" என்றார். அத்தனை வருஷம் வா, போ என்று பேசியவர் அன்றைக்குத்தான் நைனாவுக்கு "ங்க" போட்டார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

அம்மா நிலைப்படிக்கு உள்ளே நின்றிருந்தாள், நகக்கண்ணெல்லாம் செம்மண்ணாக. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். பெண்டாட்டியால் தெருவில் தலைகுனிந்தேன் என்று நைனா பொங்குவாரே என்ற பயம் அவளுக்கு. அவளுக்கு அடி விழுமே என்ற பயம் எனக்கு. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. வேறொரு மூலையில் தோண்டிப் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. "இவன் பக்கத்துலயா குடியிருக்கறது?" என்று நைனா அதோடு மனையைக் கைகழுவிவிட்டார்.

பட்டணத்துக்காரர் ஒருவர் அதை வாங்கி முள்வேலி போட்டார். பாவு நீட்டவும் இடமில்லை, ஆடுகளுக்கும் இடமில்லை. நாங்கள் ஆடிக்கு முன்பே ரயிலடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அந்த அடுப்பு எல்லா வீட்டுக்கும் எங்களோடு வந்தது. வெடித்தால் அம்மா அதே மண்ணை இடித்து ஊறவைத்து, ஒரு பிடியும் சிந்தாமல் மறுபடி பிடிப்பாள்.

போன கிருத்திகைக்குத் திருத்தணி போனபோது அந்தத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தேன். மனை இருந்த இடத்தில் மூன்று மாடியில் தங்கும் விடுதி நிற்கிறது. தறிச் சத்தம் இல்லை, கஞ்சி வாடை இல்லை. பாவாவின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. மன்னிப்புக் கேட்பதென்றால் இனி யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. நைனா கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். பாவாவின் பேச்சு வந்தால், "மண்ணு திருடன்" என்பார். அம்மா தலை நிமிராமல் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். சோறு வந்ததும் வழக்கம்போல முகர்ந்து பார்ப்பார். அந்த அடுப்பை மட்டும் அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.