கஞ்சியில் கலந்த பச்சைப் பொடி

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றி இரண்டு வருடமாகிறது. லாரி ஓட்டிய மனிதர், அதன் பிறகு வீட்டோடு இருக்கிறார். உள்ளே இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் உறைந்து கட்டிவிட்டால் பக்கவாதம் வரலாம், உயிரே போகலாம். உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரையை ஆயுள் முழுக்கப் போட வேண்டும். மாத்திரையின் வேகம் குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் நிற்காமல் கசியும். அதனால் மாதாமாதம் திருச்சிக்குப் போய் ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும். இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். விராலிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர்.

அவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன அன்று, வாசலில் நின்று மாதாவிடம் ஒரு நேர்ச்சை வைத்தேன். ஆள் பிழைத்து வந்தால், வருடா வருடம் தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இது அதிசயமில்லை. ஆனால் நேர்ந்துகொள்கிறவர் தன் நாக்கைக் கட்டிக்கொள்வதுதான் முறை. நான் அவர் நாக்கையும் சேர்த்துக் கட்டினேன், அவரை ஒரு வார்த்தை கேட்காமல்.

இந்த வருடம் தவக்காலம் ஆரம்பித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, அவருக்குக் கன்னம் ஒட்டிப்போனது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. நேர்ச்சையை முறிக்கப் பயம். ஆளைப் பார்த்தாலும் பயம். அந்த நேரம் பார்த்துத்தான் கணக்கு டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு பச்சை டப்பாவோடு வந்தார். முருங்கை இலை, கோதுமைப் புல், இன்னும் ஏதேதோ கீரையெல்லாம் காயவைத்து அரைத்த பொடி. ஒரு ஆப்பிளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியில் மட்டும் எலுமிச்சைச் சாறு தடவி மேசையில் வைத்தார். நான் வகுப்பு முடித்து வந்து பார்த்தபோது தடவாத பாதி பழுப்பேறிக் கிடந்தது. மற்றது வெட்டினபடியே இருந்தது.

"பாத்தீங்களா டீச்சர்? நம்ம ஒடம்புக்குள்ளயும் இதே கதைதான். ஆன்டி-ஆக்ஸிடன்ட் இருந்தா செல்லு சீக்கிரம் கெடாது. சாருக்குக் குடுங்க, ஒரே மாசத்துல தெம்பாயிருவாரு. அம்புட்டும் எலைதானே, என்ன செஞ்சிரப் போகுது?"

இரும்பு துருப்பிடிப்பதையும் ஆப்பிள் பழுப்பேறுவதையும் போர்டில் படம் போட்டு நடத்துகிறவள் நான். எனக்குத் தெரிந்த பாடம் என்பதாலேயே நம்பித் தொலைத்தேன். தெரியாத பாடமாக இருந்திருந்தால் நாலு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

கீரை என்றாலே அவருக்கு ஆகாது. "எலை தழையெல்லாம் ஆடு திங்கிறது" என்பார். அதனால் அவரிடம் சொல்லவில்லை. காலையில் குடிக்கிற கேப்பைக் கஞ்சியில் கலந்தேன். கஞ்சியின் நிறத்தில் பச்சை தெரியவில்லை. டப்பாவில் ஒரு ஸ்பூன் என்று போட்டிருந்தது. நான் இரண்டு போட்டேன், அதுவும் கோபுரமாக.

மூன்று வாரம் கழித்துத் திருச்சிக்குப் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"ஐ.என்.ஆர். ரொம்பக் கொறஞ்சிருக்கே! இப்படியே விட்டா வால்வுல ரத்தம் கட்டிரும். மாத்திரையை விட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விடலைங்க டாக்டர்" என்றார் இவர்.

"சாப்பாட்டுல ஏதாவது புதுசா? கீரை, இலைப் பொடி, அந்த மாதிரி?"

"கீரையா? நம்மகிட்ட அந்தப் பேச்சே கிடையாதுங்க" என்று சிரித்தார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். 'நான்தான் போட்டேன்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அறிவியல் டீச்சர் இப்படிச் செய்தாளா என்பார்களே என்று ஒரு பக்கம் வெட்கம். புருஷனை ஏமாற்றிக் குடிக்க வைத்தது அவர் முன்னாலேயே வெளிவருமே என்று இன்னொரு பக்கம் பயம். மென்று முழுங்கிவிட்டுத் தரையைப் பார்த்தேன். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி, ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். பொடியை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் தெரியவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! பொடி எதிர்த்து நின்றதால்தான் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பை எடுத்துவிட்டுக் கூட்டின மாத்திரையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

ஆறாம் நாள் காலை. பல் விளக்கப் போனவர் வாஷ்பேசினை விட்டு நகரவே இல்லை. போய்ப் பார்த்தேன். பேசினெல்லாம் சிவப்பு. ஈறு ரத்தம் நிற்கவில்லை. முழங்கைக்குக் கீழே எங்கேயும் இடிக்காமலே ஒரு பெரிய கருநீலத் திட்டு.

"என்னன்னு தெரியலையே" என்றார், வாயில் துண்டை அழுத்திக்கொண்டு.

எனக்குத் தெரியும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இவர் பக்கத்திலேயே நின்றார். தள்ளிப் போய்ப் பேச நேரமில்லை.

"நான்தான் டாக்டர். கஞ்சியில பச்சைப் பொடி கலந்தேன். அவருக்குத் தெரியாது. அன்னைக்கு நீங்க கேட்டப்பவும் சொல்லலை. வந்ததும் நிறுத்திட்டேன்."

"மாத்திரை போடாதீங்க. உடனே கிளம்பி வாங்க" என்றார்.

திருச்சி வரைக்கும் காரில் நான் ஜெபம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் துண்டை வாயிலிருந்து எடுக்கவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஊசி போட்டு, மூன்று நாள் வைத்திருந்து, ரத்தம் நின்ற பிறகு அனுப்பினார்கள். கடைசி நாள் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொடியில நல்லது இருக்கலாம்மா, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பச்சை இலையில இருக்கிற வைட்டமின் கே இந்த மாத்திரைக்கு எதிரா வேலை செய்யும். கீரை சாப்பிட்டாலும் தினமும் ஒரே அளவா இருக்கணும். எனக்குத் தெரியணும். அவருக்கும் தெரியணும்."

ஈஸ்டர் அன்று என் தம்பி குடும்பம் வந்திருந்தது. ஆட்டுக்கறி எடுத்திருந்தோம். எல்லாரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இவர் மட்டும் தட்டில் கை வைக்கவில்லை.

"இதுல என்னென்ன போட்டிருக்க?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் ஒவ்வொரு வேளையும் இதே கேள்விதான். தம்பி பெண்டாட்டி நிமிர்ந்து பார்த்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"வெறும் கறிக்கொழம்புங்க! நான் என்ன ஒங்களுக்கு வெசமா வைக்கப் போறேன்?"

அவர் குரலை உயர்த்தவில்லை.

"நீ வெசம் வைக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும். நல்லதுன்னு நெனச்சு எதையாச்சும் போட்டிருப்பியோன்னுதான் பயமா இருக்கு."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், மிளகு, மல்லித்தூள், தேங்காய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டுத்தான் சோற்றைப் பிசைந்தார்.