மொன்றியலில் எரிந்த கரி

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஜாபிரின் டெலிபோன் கடை. மொன்றியலில் இருக்கும் மகன் கேதீஸோடு பாலேஸ்வரி கதைத்துக்கொண்டிருந்தாள். அங்கே உறைபனி மழையில் மின்கம்பங்கள் சரிந்து, நாட்கணக்காகக் கரண்டும் இல்லை, ஹீட்டரும் இல்லை.

“குளிர் கொல்லுதம்மா. யன்னலெல்லாம் பூட்டிப்போட்டு, ரூமுக்க சட்டியில கரி மூட்டியிருக்கிறம்.”

பாலேஸ்வரி ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள். யாழ்ப்பாணத்தில், ஷெல்லடிக்குப் பயந்து மாரிக்குளிரில் பங்கரை மூடிக் கரி மூட்டிய பக்கத்து வீட்டுக்காரர் நாலு பேரையும் விடியப் பிணமாக இழுத்து வெளியே போட்டது அவள்தான். ஒருவரிலும் ஒரு கீறல்கூட இல்லை.

“புகை கொல்லுமடா! சட்டியை வெளிய எறி!”

அந்நேரம் பார்த்துப் புலிகளைத் தேடும் சுற்றிவளைப்புப் பொலிஸ் கடைக்குள் பாய்ந்தது.

“போன் எக்க தியபங்!” போனை வைக்கச் சொல்லி ஒருவன் சிங்களத்தில் உறுமினான்.

துவக்குப்பிடி தோளில் இறங்கியது. அவள் விடவில்லை.

“அக்கா, போனை வெச்சிடுங்க! கொன்னுடுவானுகள்!” ஜாபிர் கத்தினான்.

அடுத்த அடி விரல்களில். எலும்பு முறிந்தது, ரத்தம் ரிசீவரில் வழிந்தது. அந்த மனுசி அப்போதும் விடவில்லை!

“எறிஞ்சிட்டன் அம்மா, யன்னலும் திறந்திட்டன். அங்க என்ன சத்தம்?”

“ஒண்டுமில்லை ராசா, கடையில சனம் கூட.”

அதைச் சொன்ன பிறகுதான் ரிசீவரை வைத்தாள். தலைமயிரில் பிடித்து அவளைத் தெருவுக்கு இழுத்துப் போனார்கள்.