குறையாத பன்னிரண்டு தோட்டாக்கள்

குரங்குகள் என் மாமாவுக்குப் பயப்படுவதை நிறுத்தியதற்கு உலகச் சந்தை காரணம். மாமாவின் கல்யாணம் நின்றுபோனதற்கு நான் காரணம். முதலாவதற்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவதற்கு இதுவரை யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. எனக்கு எழுபத்துமூன்று வயதாகிறது. கேமரன் மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் அன்றைக்கு இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனியும் இதை மூடிவைப்பதில் நியாயமில்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்களோடு ஒரே வீட்டில்தான் இருந்தார். மற்றவர்கள் கொழுந்து பறித்தார்கள், மருந்தடித்தார்கள், ஆலையில் இலை உலர்த்தினார்கள். மாமா துப்பாக்கி வைத்திருந்தார். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் துரைசாணி வளர்த்த பட்டாணிக்கொடியையும் ரோஜா மொட்டையும் குரங்குகளிடமிருந்து காப்பாற்றுவது அவருடைய உத்தியோகம். உரிமம் துரையின் பெயரில் இருந்தது. குறி பார்ப்பது மட்டும் மாமா. காக்கிக் கால்சட்டையும் துரை கழித்துப்போட்ட பூட்ஸும் அணிந்து அவர் மலைப்பாதையில் இறங்கி வந்தால் கங்காணிகூட ஒதுங்கி வழிவிடுவார். பக்கத்து ஊரான ரிங்லெட்டில் அவருக்குப் பெண் பேசி முடித்தபோது, மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்று யாரும் பார்க்கவில்லை. துப்பாக்கிக்காரர் என்றதும் பெண்ணின் அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துவரச் சொல்லிவிட்டார்.

அந்தத் துப்பாக்கி முந்தைய துரை சீமையிலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் நாட்டில் காக்கை சுடுவதற்கென்றே ஒரு காலத்தில் செய்த சின்ன ரைஃபிள். அதற்குரிய தோட்டா வேறு எந்தத் துப்பாக்கிக்கும் சேராது. வேறு எந்தத் தோட்டாவும் அதற்குச் சேராது. ஈப்போவில் ஒரு சீனர் கடையில் மட்டும் வருடத்துக்கு ஒரு பெட்டி வரவழைத்துத் தருவார்கள். ஒரு வருடம் அந்தக் கடை முதலாளி, தவுக்கே, கையை விரித்துவிட்டார். கம்பெனிக்காரன் அந்த அளவைச் செய்வதையே நிறுத்திவிட்டான், எல்லாரும் இருபத்திரண்டு நம்பர் தோட்டாதான் வாங்குகிறார்கள், மலாயா முழுக்க இதைக் கேட்பது உங்கள் தோட்டம் ஒன்றுதான், ஒரு ஆளுக்காக எவன் மெஷினை ஓட்டுவான் என்று அவர் சொன்னதை மாமா வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். போன மாதம் என் பேரன் கைப்பேசியில் தேடிப் பார்த்தான். அந்தத் தோட்டாவை இப்போது சிலர் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து அழகு பார்க்கிறார்களாம். சின்ன அளவுத் தோட்டாக்களில் இப்படிக் கேட்பாரில்லாமல் போனவை ஏராளமாம். தவுக்கே பொய் சொல்லவில்லை.

கையிருப்பு பன்னிரண்டு. வேறு துப்பாக்கி வாங்கலாம்தான். ஆனால் அந்தக் காலத்தில் புது உரிமம் என்றால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதைவிட ஒரு நல்ல நாய் வளர்த்துவிடலாம் என்று துரை பேச்சுவாக்கில் சொன்னது மாமாவின் காதில் விழுந்துவிட்டது. தோட்டா தீர்ந்தால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் வேலை நாய்க்குப் போகும். வேலை போனால் ரிங்லெட் பெண் போய்விடும். அதனால் மாமா ஒரு முடிவெடுத்தார். இனிமேல் சுடுவதில்லை, குறி மட்டும் பார்ப்பது.

குரங்குகள் மூன்று வாரத்தில் விஷயத்தைப் புரிந்துகொண்டன. கிழட்டு ஆண்குரங்கு ஒன்று துப்பாக்கி முனைக்கு நேரெதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்துத் தின்றது. மாமா ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தபோது அது தலையைச் சாய்த்து வேடிக்கை பார்த்தது. சத்தத்தையே காணோமே என்று துரைசாணி கேட்கத் தொடங்கினார்.

இங்கேதான் நான் வருகிறேன். நோன்புப் பெருநாள் சமயத்தில் கம்போங் பையன்கள், பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரர்கள், மூங்கில் பீரங்கி வெடிப்பார்கள். நீளமான மூங்கிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டு கார்பைட்; மேலே இருக்கும் துளையில் நெருப்பைக் காட்டினால் மலையே அதிரும். பதினொரு வயதில் அதில் எனக்குக் கைதேர்ந்தவன் என்று பெயர். பள்ளி விட்டதும் பங்களாவுக்குக் கீழே தேயிலைச் செடிகளுக்குள் பீரங்கியோடு படுத்துக்கொள்வேன். மாமா குறி பார்ப்பார். இடது குதிகாலைத் தூக்கினால் நான் நெருப்பு வைக்க வேண்டும். முதல் நாளே குரங்குகள் பக்கத்து மலைக்கு ஓடிவிட்டன. திரும்பி வந்தபோதெல்லாம் மறுபடி வெடித்தோம். வரவர இந்தத் துப்பாக்கிக்குப் பலம் கூடுகிறது என்று துரைசாணி பாராட்டினாராம்.

பாராட்டாத ஒரே ஆள் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தோட்டா கொடுத்தால், சுட்ட பிறகு மிஞ்சும் காலிக் குப்பியைத் திருப்பி வாங்கிப் புத்தகத்தில் எழுதுவது அவர் பொறுப்பு. எழுத ஒன்றும் கிடைக்காமல் போகவே, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெடிச் சத்தத்தை எண்ண ஆரம்பித்தார். மாதக் கடைசியில் மாமாவைக் கூப்பிட்டார்.

“நாப்பத்தொரு வெடி கேட்டிருக்கேன்டா. பெட்டியில பன்னெண்டு. போன மாசமும் பன்னெண்டு. இது என்ன அட்சய பாத்திரமா?”

“பாத்துப் பாத்துச் செலவு பண்றேன் ஐயா,” என்றார் மாமா.

கிராணியின் மகன் என் வகுப்பில் படித்தான். “உங்க மாமாவுக்குத் தோட்டா தீரப்போவுதாம் லா. அப்புறம் நாய்தான் வருமாம். எங்கப்பா சொன்னாரு,” என்று பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிக் குரைத்தும் காட்டினான். நான் என்ன செய்வேன்? பீரங்கி ரகசியத்தைச் சொல்லக்கூடாது என்பது சத்தியம். அதைக் காப்பாற்றினேன். “தோட்டா தீருமா? எங்க மாமா கட்டிலுக்குக் கீழ தகரப்பெட்டி நெறைய வச்சிருக்காரு. போயி உங்கப்பாகிட்ட சொல்லு போ,” என்றேன். மாமாவின் கட்டிலுக்குக் கீழே பூட்டிய தகரப்பெட்டி ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. பையன் போய்ச் சொன்னான்.

அடுத்த நாள் மத்தியானம் டவுனிலிருந்து போலீஸ் கார்ப்பரல் மோட்டாரில் வந்தார். உரிமமில்லாத தோட்டா அப்போது விளையாட்டுக் காரியமில்லை. ஆளை உள்ளே வைத்துவிட்டால் எப்போது வெளியே வருவார் என்று சொல்ல முடியாது. கிராணி, துரை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலில் நின்றார்கள். மாமா சாவியைக் கொடுக்கத் தயங்கினார். அதுவே அவர்மேல் சந்தேகத்தைக் கூட்டியது.

பெட்டி திறந்தது. உள்ளே இரண்டு சேலைகள், சிவப்புக் கண்ணாடி வளையல்கள், ஒரு பவுடர் டப்பா, செய்தித்தாளில் சுற்றிய பெண்பிள்ளைச் செருப்பு. இரண்டு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார். என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கார்ப்பரல் மலாய்க்காரர், தோட்டத்துப் பக்கத்தில் வளர்ந்ததால் நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு வளையலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இது எந்த நம்பர் துப்பாக்கிக்குடா சேரும்?” என்று கேட்டார். லயமே சிரித்தது.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. கார்ப்பரல் விடவில்லை. “அப்ப நாப்பத்தொரு வெடி எங்கேருந்து வந்துச்சு?”

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். கையெல்லாம் கார்பைட் நாற்றம். மாமா கொல்லைப்புறம் போய் மூங்கிலை எடுத்துவந்து கீழே போட்டார். “நான்தான் சார் வெடிச்சேன்.”

“துரைசாணி பாக்கறப்ப நீ மேல நின்னு குறி பாத்துக்கிட்டிருந்தியே?” என்றார் கிராணி. “சத்தம் கீழேருந்துல்ல வந்துச்சு. கூட யாருடா?”

“யாரும் இல்லைங்க ஐயா. ஓடிப்போயி வெடிச்சிட்டு ஓடி வந்துருவேன்.”

“செஞ்சு காட்டு,” என்றார் கார்ப்பரல்.

வாசலில் செய்து காட்டினார். துப்பாக்கி கார்ப்பரலிடம் இருந்ததால் கையில் விளக்குமாறு. ஓடிப்போய்க் குனிந்து நெருப்பு வைத்தார், வெடித்தது, ஓடி வந்து விளக்குமாற்றைத் தோளில் வைத்துக் குறி பார்த்தார். “வெடிச்ச பொறவு யார்ரா குறி பாக்குறது?” என்று ஒரு கிழவர் கத்தினார். இரண்டாம் தடவை இன்னும் வேகமாக ஓடினார். அப்போதும் வெடி முந்திக்கொண்டது. மூன்றாம் தடவை சேற்றில் வழுக்கி விளக்குமாறோடு விழுந்தார். துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிராணியின் மகன் என் பக்கத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அவனைவிடச் சத்தமாகச் சிரித்தேன். விழுந்து கிடந்த மாமா தலையைத் தூக்கியபோது என் வாய் திறந்தே இருந்தது.

இவ்வளவு சிரித்த பிறகு யாருக்கும் வழக்குப் போட மனம் வரவில்லை. பன்னிரண்டு தோட்டாவும் சரியாக இருந்தன. கார்ப்பரல் அவற்றையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார். பங்களாவுக்கு நாய் வந்தது. மாமா மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். காய்கறி லோரி மூலம் கதை அன்று பொழுது சாய்வதற்குள் ரிங்லெட் போய்ச் சேர்ந்தது. விளக்குமாறு தூக்கி ஓடுகிறவனுக்கு என் பெண் எதற்கு என்று அங்கிருந்து ஆள் வந்தது. நாலைந்து வருடம் கழித்து மாமா வேறு பெண்ணைக் கட்டினார், நல்ல அத்தை. அந்த இரண்டு சேலைகளை என் அம்மாதான் கட்டிக் கிழித்தாள். பெட்டியைப் பற்றிச் சொன்னது யார் என்று மாமா கடைசிவரை என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஈப்போவில் விடுதியோடு சேர்ந்த ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு என்னைச் சிபாரிசு செய்யும் கடிதம் துரையின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்திருக்கிறது. பங்களாவில் வேலை பார்த்த மாமாவுக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது. பீரங்கி வெடித்த பையன் யார் என்று தெரிந்திருந்தால் துரை பேனாவைத் திறந்திருக்கமாட்டார். நான் படித்ததெல்லாம் அந்தக் கையெழுத்தால்தான்.

அன்றைக்கு எனக்கு மாமாமேல் தீராத கோபம். நாற்பத்தொரு வெடியும் நான் வெடித்தது. ஒன்றுகூடப் புஸ்ஸென்று போகவில்லை. அத்தனையையும் ஊர் முன்னால் தன்னுடையது என்று சொல்லிவிட்டாரே! மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் துரை கையெழுத்துப் போட்ட கடிதத்தை மாமாவின் கையிலேயே கொடுத்தனுப்பினார். மருந்து வாடையோடு வந்து கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “டேய், இங்க திரும்புடா, ஒண்ணு காட்றேன்,” என்றார். நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன்.