ரவிக்கை தைக்க ஒரு வெளிச்சம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்றால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் ரயிலேறி வந்து தென்காசியில் இறங்குவார்கள். இறங்கியதும் துண்டும் கையுமாக அருவிக்கு ஓடுவார்கள். எனக்கோ சாரல் என்றாலே எரிச்சல் வரும். ஆனி பிறந்து மேகம் மலைமேல் வந்து உட்கார்ந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் காலையும் சாயங்காலமும் ஒன்றுதான். அந்த மங்கலில் சோறு வடிக்கலாம், தூங்கலாம், சண்டை போடலாம். தைக்க முடியாது.

எனக்குக் கல்யாணமானபோது என் அப்பா கையால் சுற்றுகிற தையல் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அதனால்தான் நாத்தனாரின் கல்யாண ரவிக்கைகள் என் தலையில் விழுந்தன. ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். தோளில் புஸ்ஸென்று உப்பி நிற்கும் கை வைத்த ரவிக்கைதான் வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஐந்து துணி எடுத்தாயிற்று. கடைத்தெருவில் நன்றாகத் தைக்கிற ஒருவர் இருந்தார். ஆனால் ஆம்பிளை வந்து பெண்பிள்ளைக்கு அளவெடுப்பதா என்று என் மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"வீட்டுல மிஷினும் மருமகளும் சும்மாதான கெடக்கு. அவ தைப்பா," என்றார். என்னையும் மிஷினையும் ஒரே வரிசையில் வைத்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, எங்கே உட்கார்ந்து தைப்பது? கறுப்பு நூலும் ஊசியும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். எந்த இடத்தில் முதல் தடவையிலேயே நூல் கோர்க்க முடிகிறதோ அதுதான் தையலுக்கு இடம் என்பது என் கணக்கு. முன்னறை ஜன்னலைத் திறந்தால் சாரல் உள்ளே அடித்தது, மூடினால் இருட்டு. அடுக்களையில் நூல் ஏறியது, ஆனால் புகையில் கண்ணீர் வந்து பட்டுத்துணியில் விழுந்தது. நடு முற்றத்தில் வெளிச்சம் அருமை. நாத்தனார் தலைக்குமேல் குடை பிடிக்க, நான் மிஷினைச் சுற்ற, ஒரு ஓரம் அடித்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துவிட்டோம். குடையை நன்றாகத் தாழ்த்தினால் மறுபடியும் இருட்டு.

என் வீட்டுக்காரர் சீசனுக்குக் குற்றாலத்தில் எண்ணெயும் சீயக்காயும் விற்கிற சின்னக் கடை போடுவார். அந்தக் கடைக்கு வாங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கை ஒருநாள் வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். முகத்தில் அப்படியொரு பெருமை! பம்பு அடித்து ஏற்றியதும் வீடே கல்யாணப் பந்தல் ஆகிவிட்டது. நான் மிஷினைத் திறந்தேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமியாரின் குரல் வந்தது.

"விளக்கு வச்சாச்சுல்லா? இனி ஊசியத் தொடக்கூடாது. எடுத்துப் பெட்டியில போடு."

"அத்தை, மணி ரெண்டுதான் ஆவுது."

"மணி கெடக்கு. விளக்கு எரியுதா இல்லியா?"

எரிந்தது. அந்தி விளக்கு ஏற்றிய பிறகு ஊசி எடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். பட்டப்பகலில் ஏற்றினாலும் விளக்கு விளக்குதான் என்பது என் மாமியாரின் சொந்தச் சட்டம். விளக்கில்லாவிட்டால் கண் தெரியாது, விளக்கிருந்தால் தைக்கக்கூடாது. இவரைப் பெற்றவர்கள் வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் மாமியார் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றினேன். மயில்கழுத்து நிறப் பட்டு ரவிக்கைக்கு இரண்டு கையும் மளமளவென்று வைத்து முடித்தேன். மறுநாள் முற்றத்தில் விரித்துப் பார்த்தால் நீல நூலுக்குப் பதில் பச்சை நூல். அரிக்கேன் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்து தொலைத்திருக்கின்றன. நாத்தனார் முதலில் சிரித்தாள். தையலைப் பிரித்ததும் பட்டில் ஊசித்துளை வரிசையாகத் தெரிந்தபோது அழுதாள். 

"மதினி, அங்கன போயி இதப் போட்டுட்டு எப்பிடி நிப்பேன்?" என்று கேட்டாள். ஆடி பாதி போய்விட்டது, ஒரு ரவிக்கைகூட முடியவில்லை.

கண்ணாடி ஓடு என்ற யோசனை அப்போதுதான் வந்தது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு ஓடு வரும், அதோடு கண்ணாடி ஓடும் வரும். கூரையில் ஒரு மண் ஓட்டை எடுத்துவிட்டு இதை வைத்தால் மழை வெளியிலேயே நின்றுவிடும், வெளிச்சம் மட்டும் இறங்கும். ஆனால் முன்னறைக்கு மேல் மரமச்சு. அடுக்களையில் வைத்தால் ஒரே மாதத்தில் கரி பிடித்துவிடும். வெறும் கூரை இருந்தது இரண்டாங்கட்டின் மூலையில் மட்டும். அங்கேதான் மாமியாரின் கட்டில் கிடந்தது.

கேட்டுப் பார்த்திருக்கலாம். என் வீட்டுக்காரருக்கோ முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அம்மா மத்தியானம் கண்ணயர்ந்த நேரத்தில் ஸ்டூலில் ஏறி, ஒரு கம்பால் ஓட்டை மெல்ல நெம்பினார். வெள்ளை வெளேரென்று வெளிச்சம் இறங்கியது. நான் ஊசியை உயர்த்தினேன், நூல் ஒரே குத்தில் ஏறிவிட்டது. அதே நொடியில் ஓட்டில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் மாமியாரின் முகத்தில் கொட்டியது.

"ஏலே! பெத்த தாய் படுத்திருக்கும்போதே கூரையப் பிரிக்கியா?"

தெருவே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடாமலேயே கடைக்குப் போய்விட்டார். கட்டிலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள் என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். "எனக்கு இந்த மூலதான் பழக்கம். நான் போனப்புறம் என்னமும் செய்யுங்க," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு மிஷினைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். கனம், தூக்க முடியவில்லை.

அன்றிரவு நாத்தனார் அம்மாவிடம் போய் என்ன சொன்னாளோ தெரியாது. காலையில் எழுந்து பார்த்தால் கட்டில் எதிர்ச்சுவர் ஓரமாகக் கிடந்தது. தானே இழுத்துப் போட்டிருக்கிறார். "எந்தலையில தண்ணி ஊத்தாம வைக்கச் சொல்லு," என்றதோடு சரி. செங்கோட்டையிலிருந்து ஓட்டு வேலைக்காரர் வந்து, மத்தியானத்துக்குள் கண்ணாடி ஓட்டை வைத்துவிட்டு, கீழே இறங்கி நின்று மலையாளத்தில் "மதியோ?" என்று கேட்டார். போதும் போதும் என்றேன். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது, என் மிஷின்மேல் ஒரு பாய் அகலத்துக்குப் பகல் விழுந்துகிடந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது.

மயில்கழுத்துப் பட்டில் துளை விழுந்த இடத்தை மடிப்புக்குள் தள்ளி, கையை இன்னும் கொஞ்சம் உப்ப வைத்து மறுநாளே முடித்தேன். நாத்தனார் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி ஓட்டுக்குக் கீழே வந்து நின்றாள். 

"அம்மா, வந்து பாரேன்."

மாமியார் கட்டிலிலிருந்து எழுந்து, கையை முன்னால் நீட்டிக் காற்றைத் துழாவிக்கொண்டே வந்தார். வெளிச்சத்துக்குள் வந்ததும் நின்றுவிட்டார். ரவிக்கையை அவர் பார்க்கவே இல்லை. மகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மூக்கோடு மூக்கு உரசுகிற அளவு கிட்டே குனிந்தார்.

"ஏட்டி, நீ எப்ப இம்புட்டுப் பெரிய பொம்பளையான? உங்க அய்யா மூஞ்சில்லா ஒனக்கு வந்திருக்கு!"

"தெனமும் பாத்துக்கிட்டுத்தானம்மா இருக்க?"

"எங்க பாத்தேன்? எல்லாம் நெழலாத்தான தெரியுது. கொரல வச்சுத்தான் யாரு எவருன்னு கண்டுக்கிடுதேன்."

கண்ணில் புரை விழுந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூலையிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைக்கும் கொல்லைக்கும் போய்வரப் பழகி வைத்திருந்தார், அதனால்தான் கட்டிலை நகர்த்த அத்தனை பிடிவாதம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இவ கல்யாணத்தத் தள்ளி வச்சுட்டு எனக்கு வைத்தியம் பாக்கக் கெளம்பிருவிய," என்றார். இருட்டு இருட்டு என்று வீடு முழுக்கப் புலம்பித் திரிந்தவள் நான். அவர் வாயே திறக்கவில்லை.

அதற்கப்புறம் கல்யாணம் வரைக்கும் மத்தியானமானால் மாமியார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்துவிடுவார். தலைவாரி விடுவார், பின்னிய சடையை வேண்டுமென்றே அவிழ்த்து மறுபடியும் பின்னுவார், நடுவில் நடுவில் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். இன்னும் நான்கு ரவிக்கை பாக்கி இருந்தது. நான் மிஷினைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்டு, மிச்சம் விழுந்த வெளிச்சத்தில் தைத்தேன்.