லாம்ப்டாவும் வரட்டும்

ரத்தக் குழாய்கள் அடுக்கிய பெட்டியை ஏற்றிவரும் வேன் டிரைவருக்குப் பரிசோதனைக்கூடத்து அக்காமேல் எட்டு வருஷக் கடுப்பு. அவன் கொண்டுவந்த பெட்டியை ஒருநாளாவது நம்பி வாங்கியிருப்பாளா? மூடியைத் திறப்பாள், தெர்மாமீட்டரைச் செருகுவாள், ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்து மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்ப்பாள். ஒருமுறை ஐஸ் உருகிவிட்டதென்று பெட்டியோடு திருப்பி அனுப்பினாள். போக வர மூன்று மணி நேரம்! முப்பத்தொரு வருஷமாக அவள் அப்படித்தான். மனுஷரோடு பேச்சு கம்மி, மெஷினோடுதான் சண்டையெல்லாம்.

அன்று பெட்டியில் அவன் ரத்தமே இருந்தது. நாலு மாசமாக இடுப்பு வலி, சோகை வேறு. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோயோ என்று சந்தேகப்பட்ட டாக்டர், காப்பா, லாம்ப்டா என்ற இரண்டு சங்கிலிப் புரதங்களை ரத்தத்தில் அளக்கச் சொல்லியிருந்தார். பெண்டாட்டியிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை.

அக்கா நகர்ந்த நேரம் பார்த்து மெஷின் திரையை எட்டிப் பார்த்தான். காப்பாவுக்கு நேரே சிவப்பு அம்பு. இருக்கவேண்டியதைப்போல் மூன்று மடங்கு.

"அக்கா, என் கதை முடிஞ்சுதா?"

"உன்னை யாரு படிக்கச் சொன்னா? லாம்ப்டாவும் வரட்டும். பாதி பரீட்சைக்கே மார்க் போடுவியா? உட்காரு."

உட்கார்ந்தான், எழுந்தான், தண்ணீர் குடித்தான், மறுபடி உட்கார்ந்தான். "ஏ, வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!" என்று அக்கா மெஷினை அதட்டினாள். டக்கென்று இன்னொரு சிவப்பு அம்பு.

"ரெண்டுமே ஏறிடுச்சா? போச்சு!"

அக்கா சிரித்தாள். எட்டு வருஷத்தில் அவள் பல்லை அவன் பார்த்தது அன்றுதான்.

"அட மண்டு, ஒண்ணு மட்டும் தனியா எகிறினாத்தான் மஜ்ஜைமேல சந்தேகம். உனக்கு ரெண்டும் ஜோடியா ஏறியிருக்கு. கிட்னி சரியா வடிகட்டல. வலி மாத்திரை எத்தனை முழுங்குற?"

"நாளைக்கு ஆறு..."

"ஆறா! மாத்திரையா, வேர்க்கடலையா? டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு."

புற்றுநோயாக இருக்காது என்ற சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த இடத்துக்குப் போகவேண்டிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, இடுப்பு வலியோடு மூன்று சுற்று சுற்றினான். அக்காவுக்கு அது வேலையில் கடைசி மாலை. அப்புறம் அவன் அவளைப் பார்க்கவேயில்லை. கடைசியாக அவள் அவனிடம் கேட்டுக்கொண்டது இதுதான்:

"தம்பி, நல்லா ஆடு. பெட்டியை மட்டும் கீழ வச்சிட்டு ஆடு. உள்ள இருக்குறது ஊரார் ரத்தம்!"