அம்பு மேடத்தின் வருகைப் பதிவு

"இது என்னது?" என்று கேட்டுக்கொண்டே, முதல் வரிசைப் பையனின் தாளில் இருந்த அம்புக்குறியைச் சிவப்பு மையால் இரண்டு முறை சுழித்துவிட்டார் மேடம். "கிளம்பின இடம் தெரியுது. போற இடமும் தெரியுது. என்னத்தத் தூக்கிட்டுப் போகுது? கைய வீசிட்டுப் போறதுக்கு இது என்ன வாக்கிங்கா?" பையன் திருதிருவென விழித்தான். அதற்குள் அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தகவல் முறைமைகள் பாடம் நடத்துகிறார். ஓர் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் கிளம்பி எந்த மேசையில் போய்த் தூங்குகிறது என்பதைக் கட்டமும் வட்டமும் அம்புமாக வரைவதுதான் அந்தப் பாடத்தின் அரிச்சுவடி. ஒவ்வொரு அம்பின் மேலும் அது சுமந்து போகும் தகவலின் பெயரை எழுதியாக வேண்டும். எழுதாதவருக்கு மதிப்பெண் கிடையாது, மன்னிப்பும் கிடையாது. அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் அம்பு மேடம். அது அவருக்கும் தெரியும். "போகட்டும், எனக்காவது பேர் வெச்சாங்களே. அம்புக்குத்தான் வெக்க மாட்டேங்கிறாங்க" என்பார்.

நான் அவருக்குப் பக்கத்து மேசை. புள்ளியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் மாணவர்கள் தூங்குவார்கள், அவர் வகுப்பில் தூங்கப் பயப்படுவார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. அதன் கதவு மூடாது. வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் நூற்றிருபது பேரும் தாளில் ஒரு படம் வரைய வேண்டும். அவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, ஒருவர் கையிலிருந்து ஒரு தாளாக வாங்கிக்கொண்டுதான் வெளியே விடுவார். திருத்தி, தேதி போட்டு, அலமாரியில் திணிப்பார். கம்ப்யூட்டர் பாடத்துக்கு எதற்கு இத்தனை காகிதம் என்று ஒருமுறை கேட்டேன். "கம்ப்யூட்டர்ல வரைஞ்சா எல்லாமே அழகா வந்துடும் சார். தப்பும் அழகா இருக்கும்" என்றார்.

வீட்டிலும் இதே கெடுபிடிதான் என்று அவருடைய கணவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 'வருகிறேன்' என்று செய்தி அனுப்பினால் எங்கிருந்து, எப்போது, எதில் என்று மூன்று கேள்விகள் திரும்பி வருமாம். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் இன்னும் ஒரு படி மேல். "எங்கம்மாகிட்ட ஸாரி சொன்னா, எந்தத் தேதியில செஞ்சதுக்குன்னு கேப்பாங்க அங்கிள்" என்று என்னிடமே புலம்பியிருக்கிறான்.

இப்படிப்பட்டவரை ஒரே ஒரு விஷயம்தான் தூங்கவிடாமல் செய்தது. நண்பனுக்காக நண்பன் வருகை போடுவது. அதற்காக இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் தன் கையாலேயே ஒரு வருகைப் பதிவு முறையைச் செய்தார். வகுப்பு தொடங்கியதும் திரையில் ஓர் எண் வரும். மாணவர்கள் அதையும் தங்கள் பதிவு எண்ணையும் கைபேசியில் தட்ட வேண்டும். ஒரு கைபேசியிலிருந்து ஒரு வகுப்புக்கு ஒரு பதிவைத்தான் அது ஏற்கும். இரண்டாவதாக வருவது கள்ளப் பதிவு, குப்பைக்குப் போய்விடும். ஆனால் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் திரையில் ஒரே பதில்தான் வரும்: நன்றி.

"திருடனுக்குத் தெரியாமப் பிடிக்கணும் சார்" என்று தேநீரை ஆறவிட்டுவிட்டு எனக்கு விளக்கினார். "மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சா வேற வழி கண்டுபிடிப்பான். நன்றின்னு சொல்லிட்டா நிம்மதியா நாலு மாசம் திருடுவான்." முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. தேநீர் ஏடு கட்டிப்போனது.

தேர்வு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது பட்டியலை வாசித்தார். பக்கத்து அறையில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடத்தை நிறுத்திவிட்டு, திறந்திருந்த இடைக்கதவு வழியாகக் காதும் கண்ணும் கொடுத்தேன், என் மாணவர்களும்தான். வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குத் தேர்வு எழுத நுழைவுச்சீட்டு கிடையாது. பரிசு வாங்கியவர்களை மேடைக்கு அழைப்பது போல ஒவ்வொரு பதிவு எண்ணாக வாசித்தார். பதினொரு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பன்னிரண்டாவது எண்ணுக்கு உரியவர் எழுந்து நின்றார்.

அவரை வகுப்பே அண்ணி என்றுதான் கூப்பிடும். முப்பது வயதைத் தாண்டியவர். கணவரின் தங்கையும் அதே வகுப்பில், அதே பெஞ்சில். அந்தப் பெண் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நூற்றிருபது பேருக்கும் அவர் அண்ணியாகிவிட்டார்.

"நான் தினமும் வந்தேன் மேடம்."

"நாப்பத்தெட்டு வகுப்புல அஞ்சுக்கு வந்திருக்கீங்கம்மா."

"நன்றின்னு சொல்லிச்சே மேடம்."

"அது எல்லாத் திருடனுக்கும் சொல்லும்" என்றார் மேடம். வகுப்பு சிரித்தது. வெட்கமாக இருக்கிறது, என் அறையிலும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

மதியம் அண்ணியும் நாத்தனாரும் எங்கள் அறைக்கு வந்தார்கள். அண்ணி அழவில்லை. அழுதிருந்தால் மேடம் விரட்டியிருப்பார்.

"இந்தப் பரீட்சை எழுதலன்னா எனக்குப் படிப்பு இல்ல மேடம். இவளுக்குத் துணைக்குன்னுதான் என் மாமியார் என்னையும் சேர விட்டாங்க. இவ முடிச்சுட்டு வீட்டுல உக்காந்துட்டா, எனக்குத் துணைக்குன்னு யாரை அனுப்புவாங்க?"

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கணினியில் இருவருடைய பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நாத்தனார் ஐந்து நாள் வரவில்லை, காய்ச்சல். அண்ணி வந்ததாக இருந்த ஐந்து நாட்களும் அதே ஐந்து நாட்கள்.

"போன் யாரோடது?" என்றார் மெதுவாக.

"எங்க ரெண்டு பேரோடதும்தான் மேடம். வீட்டுல இன்னொண்ணு இருக்கு, அத அவரு வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுவாரு. முதல்ல இவ போட்டுட்டு எங்கிட்டக் குடுப்பா. சின்னப் பொண்ணு, அவதானே முதல்ல போடணும்."

ஓர் ஆளுக்கு ஒரு கைபேசி. இந்த ஊகத்தை யாரிடமும் கேட்காமல், எங்கும் எழுதாமல், தன் முறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார் அம்பு மேடம். வேறு யாராவது செய்திருந்தால் சிவப்பு மை ஒரு புட்டி தீர்ந்திருக்கும். இரண்டாவது பதிவுகளைச் சேமிக்கவும் இல்லை. திருடனின் வரவுக்கு எதற்குக் கணக்கு என்று விட்டுவிட்டார். ஆக, அண்ணி வந்ததற்குக் கணினியில் தடயமே கிடையாது.

அலமாரியைக் கவிழ்க்காத குறையாகத் தேடினோம். நான்கு பேரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். அண்ணியின் தாள்கள் நாற்பத்தாறு கிடைத்தன; மீதி இரண்டும் அந்த மூடாத கதவு வழியே எங்கோ போயிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் தேதி, எல்லாவற்றிலும் மேடத்தின் கையெழுத்து. 'இந்த அம்புக்குப் பேர் எங்கே?' 'மறுபடியும் மறந்தாச்சா?' 'இன்று தேவலாம்.' அந்தப் பதினொரு பேரின் தாள்களையும் விடாமல் எண்ணினார். ஒருவருக்கும் பத்தைத் தாண்டவில்லை. அவர்கள் அசல் திருடர்கள்தான், அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"வராத ஆளோட நாப்பத்தாறு தடவ சண்ட போட்டிருக்கேன் சார்" என்றார் என்னிடம். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு காலையில் அண்ணி நின்ற நிலை ஞாபகம் வந்தது. பாவத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

தேர்வு அலுவலகம் நான்கு மணிக்கு மூடும். தாள் கட்டை நான் சுமந்தேன். அங்கிருந்த எழுத்தர் திருத்தப் படிவத்தை நீட்டினார். அதில் காரணம் என்ற இடத்தில் மேடத்தின் பேனா நின்றது.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு போடுங்க மேடம். எல்லாரும் அதான் போடுவாங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்று எழுத்தர் உதவிக்கு வந்தார்.

"கோளாறே இல்லங்க. நான் சொன்னத அது அப்படியே செஞ்சிருக்கு" என்ற மேடம், 'வடிவமைத்தவரின் பிழை' என்று எழுதி, அதற்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார். எழுத்தர் அதை இரண்டு முறை படித்தார். அப்படி ஒரு காரணத்தை அவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. முத்திரை குத்தும்போது மூன்று ஐம்பத்திரண்டு. நுழைவுச்சீட்டு அச்சாகி வந்ததும் அண்ணி அதை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைசி வகுப்பு. எனக்கு அந்த நேரம் வேலை இல்லை. வாசலோரம் போய் நின்றேன். மேடம் மேடையேறினார். "நேத்து இந்த இடத்துல நின்னு ஒருத்தங்களத் திருடின்னு சொன்னேன். தப்பு என்னோடது. அவங்க தினமும் வந்தாங்க" என்றார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர், அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் பலகையைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

திரையில் எண் எதுவும் வரவில்லை. கோடு போட்ட ஒரு தாளை முதல் பெஞ்சில் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். அது கை மாறி மாறி அண்ணியின் பெஞ்சுக்கு வந்தது. அண்ணி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வழக்கம்போல முதலில் நாத்தனார் பக்கம் நகர்த்தினார்.

மேடம் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கி வந்தார். தாளை இழுத்து அண்ணியின் முன்னால் வைத்து, தன் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.